ஏழாவது பெட்டியில் ஒரு மாடிப்படி

நான் கூட்டித் துடைக்கும் அருங்காட்சியகத்தில் இந்த நகரம் முழுவதும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. பழைய துறைமுகம், முதல் ரயில் நிலையம், வெள்ளம் வந்த வருடம் என்று பெட்டிக்கு ஒரு காலம். வீடுகள் தீப்பெட்டி உயரம்தான். எல்லாம் அட்டையும் பல்குச்சியும். அவற்றைச் செய்தவர் எதையும் விரலை வைத்தே அளப்பார். அதனால் விரற்கடை அண்ணன் என்றே கூப்பிடுவோம்.

காவலாளி அவரைச் சீண்டாமல் விடமாட்டார். "அண்ணே, உங்க ஊர்ல ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா? பொண்டாட்டிக்குத் தெரியாம நான் மட்டும் குடிபோகணும்."

"பெயிண்ட் காயல. அடுத்த மாசம் வா" என்பார் அண்ணன், தலை நிமிராமல்.

ஏழாவது பெட்டி அவர் பிறந்த சந்து. சாலையை அகலமாக்க அதை இடித்து நாற்பது வருடமாகிறது. பதினொரு வீட்டுக்காரர்களும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் போன பிறகு அந்தச் சந்தைப் பற்றிப் பேச அவருக்கு ஆளில்லை. பழைய படம் ஒன்றுகூடக் கிடைக்காததால் நினைவிலிருந்தே செய்தார்.

ஒருநாள் நான் கண்ணாடி துடைக்கும்போது ரொட்டிக்கடையின் மாடிப்படியைக் காட்டினார். அது உண்மையில் இடப்பக்கம் இருந்ததாம். வேண்டுமென்றே வலப்பக்கம் ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம். அவரே சொன்னார்.

"அந்தச் சந்துக்காரன் எவனாவது வந்தா இது பொறுக்காதும்மா. எவன்டா செஞ்சவன்னு கேப்பான்ல?"

மூன்று வருடம் யாரும் கேட்கவில்லை. சரித்திரப் பேராசிரியர் ஒருவர் அந்தப் படியைப் படமெடுத்து, அபாரம் என்று வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கு அண்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை.

பிறகு, தூசி நுழையாதபடி பெட்டிகளை நிரந்தரமாக ஒட்டி மூடப்போவதாக மேலாளரம்மா சொன்னார். அண்ணன் கடைசி நாள் வரை காத்திருந்தார். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, இடுக்கியால் படியைப் பெயர்த்து இடப்பக்கம் ஒட்டினார். பொய்யை உள்ளே வைத்துப் பூட்ட மனம் வரவில்லை என்றார்.

அடுத்த மாதம் ஒருவர் மனைவியோடு வந்தார். ஏழாவது பெட்டியின் முன் குனிந்து, இரண்டாவது வீட்டைக் காட்டி, தான் பிறந்தது அங்கேதான் என்றார். ஒவ்வொரு வீடாகப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு. ஒரு கொறை சொல்ல முடியாது."

மனைவி பேருந்துக்கு நேரமாகிறது என்றார். கிளம்பிவிட்டார்கள். அண்ணன் பின்னறையில் இருந்தார். அவர்களை நிறுத்த எனக்கு வாய் எழவில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாசலுக்கு ஓடியபோது தெருவில் அவர்கள் இல்லை.

உள்ளே போய் அண்ணனிடம் சொன்னேன். இரண்டாவது வீடா, வந்தவருக்குக் காது பெரிதாக இருந்ததா என்று கேட்டார். ஆமாம், இருந்தது.

"யாரு செஞ்சதுன்னு கேட்டானா?"

"இல்லண்ணே. எல்லாம் சரியா இருக்குன்னாரு."

தலையை ஆட்டிக்கொண்டார். கத்தியை எடுத்து அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டத் தொடங்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.