வேகத்தில் திணறிய வண்டி

பத்தாவது வரை படித்தவன் நான். எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

தொண்ணூறுகளில் என்னிடம் அப்பா ஓட்டிய பழைய பைக் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதற்குக் கோளாறு வந்தது. மெதுவாக ஓட்டினால் ஒழுங்காகப் போகும், ஜி.எஸ்.டி. ரோட்டில் முறுக்கினால் இழுவையில்லாமல் திணறும். பீர்க்கன்கரணை மெக்கானிக் துரை இரண்டு முறை கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை. மூன்றாம் முறை, நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன்: "ஒரிஜினல் கார்ப்பரேட்டரை மாத்திட்டியாப்பா?"

"இன்னா துரை, இது வேறயா?" என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

துரை என் வண்டியிலேயே என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேகமாக ஓட்டினார். வண்டி திணறியதும் நிறுத்தி, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"மூடி ஓட்டய யாரோ சோப்பு வச்சி அடச்சிகிறாங்க சார். காத்து போலன்னா வேகத்துல பெட்ரோல் எப்டி எறங்கும்?" என்றவர், கம்பியால் குத்திச் சோப்பை எடுத்தார்.

மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று அடைத்தது நான்தான். "பசங்க யாராவது பண்ணியிருப்பாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "கடையாண்ட வந்து இத்த மட்டும் சொல்லிட்டுப் போ சார்."

"வரேன்" என்றேன். ஆனால் கடை வாசலில் அவர் இறங்கியதும், அவசரம் என்று வண்டியை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

சந்தேகப்பட்டதைவிட, அந்த "வரேன்"தான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

மறுநாள் வேறு வழியாகச் சுற்றி வேலைக்குப் போனேன். வண்டி நன்றாக இழுத்தது.