உப்பளத்துக் கால்களும் கம்ப்யூட்டர் கூடைப்பந்தும்

மகளின் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரை நான்கு மாதம் அவளைத் தொடவிடாமல், நாற்பத்தாறு வயதில் நான் அதில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தேன். அதைவிட வெட்கக்கேடு, அதனாலேயே எனக்குக் கூடைப்பந்து தெரியும் என்று நம்பியது.

நம்பாமல் என்ன செய்வது? திரையில் ஆடுகிறவனின் நெற்றியில் வியர்வை பளபளத்தது. ரொம்ப நேரம் ஓடவிட்டால் களைத்துப்போனான். தோற்றால் இடுப்பில் கைவைத்துத் தலையைத் தொங்கப்போட்டான். நான் படித்த பல நாவல்களில் மனிதர்கள் இவ்வளவு உயிரோடு இருந்ததில்லை.

மரக்காணத்தில் பொங்கலுக்குப் பொங்கல் உப்பளக்காரர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் கூடைப்பந்து நடக்கும். மூன்று வருஷமாக உப்பளக்காரர்களான நாங்கள்தான் தோற்றோம். 2006-இல் எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று, கேப்டனான என் மச்சான் தன் லாரி டிரைவரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்திருந்தான். அந்த இடத்தை நான் கேட்டேன். உப்புப் பாத்தியில் காலே வைக்காத ஒரே ஆள் அவன்தான் என்று மச்சான் முனகினான். அதற்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? கம்ப்யூட்டரில் நான்கு மாதம் ஆடி விஷயம் தெரிந்த ஆள் வேண்டாமா என்று கேட்டேன். அக்கா புருஷனிடம் எவ்வளவு நேரம்தான் மறுப்பான்? டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்தான்.

பள்ளி மைதானத்தில் முதல் அதிர்ச்சி, பந்துக்கு எடை இருந்தது. அடுத்தது, நான் எறிந்த பந்தைக் கடல்காற்று வாங்கிக்கொண்டு போய்ச் சுவருக்கு அந்தப்பக்கம் போட்டது. திரையில் ஒரு நாளும் காற்று அடித்ததில்லை. இரண்டு ஓட்டத்திலேயே மூச்சு இரைத்தது. இதெல்லாம் பரவாயில்லை. பந்து கைக்கு வந்தபோதெல்லாம் நடுவர் விசில் ஊதினார். பந்தைத் தரையில் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு அடிமேல் அடி வைக்கக் கூடாதாம். நான்கு மாதத்தில் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட எனக்கு இந்த விசிலை ஊதியதில்லை.

குனிந்து பார்த்தேன். என் கால்கள் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தன.

மழை முடிந்து தை பிறந்தால் ஆட்களோடு நானும் இறங்கிப் பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவேன். சேற்றில் நின்றால் கால் புதைந்துவிடும். கையில் சுமை இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் கைக்கு ஒரு பொருள் வந்ததுமே கால் தானாகச் சின்னச் சின்ன அடி வைக்கும். இருபது வருஷப் பழக்கம். சிமென்ட் தரையில் புதைய மாட்டோம் என்று கால்களுக்கு யார் சொல்வது? சுற்றிலும் பார்த்தேன். எங்கள் ஐந்து பேரின் கால்களும் அதே வேலையில் இருந்தன. மூன்று வருஷத் தோல்வியின் காரணம் அப்போதுதான் உறைத்தது. ஆளை மாற்றட்டுமா என்று மச்சான் கெஞ்சினான். கௌரவம் விடவில்லை.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். வளையத்துக்கு நேர் கீழே, என்னைத் தடுக்க ஆளில்லாத இடத்தில், பந்து என் கைக்கு வந்தது.

"மாமா, நில்லுங்க. நின்னு போடுங்க" என்றான் மச்சான்.

நிற்கத்தான் நினைத்தேன். விசில் ஒலித்தது. ஆசிரியர்கள் தங்கள் ஆட்களைவிட எனக்குத்தான் அதிகம் கைதட்டினார்கள்.

பெஞ்சில் போய் விழுந்தேன். டிரைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான். அவன் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஏண்ணே, கம்ப்யூட்டர்ல ஆடும்போது உங்க காலை யாருண்ணே பாத்துக்கிட்டாங்க?"