வேலிக்கார அத்தை

"வெளியில முளைக்குது. உள்ள ஏன் முளைக்கல? பன்னெண்டு வருஷம் படிச்சியே, சொல்லு."

வீங்கிய முட்டியை ஒரு கையால் அழுத்தியபடி, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அத்தை கேட்டாள்.

பொத்தான்செடியைக் காப்பதுதான் அத்தையின் வேலை. இடுப்புயரப் புதர், சட்டைப் பொத்தான் அளவில் வெளிர்மஞ்சள் பூ. இந்தக் குன்றை விட்டால் வேறெங்கும் கிடையாது. ஆடு மேய்ந்துவிடும் என்று ஏழு வருடம் முன்பு வனத்துறை அலுவலகம் வேலி போட்டு, காவலுக்கு அத்தையைப் போட்டது. நாளைக்கு நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். வீட்டிலும் அதே பழக்கம். மாமா குளித்துக்கொண்டிருந்தாலும் குளியலறைக் கதவை இழுத்துப் பார்ப்பாள்.

வேலிக்குள் பதினாறு செடிகள் இருந்தன. இப்போது பதினொன்று, எல்லாம் கிழடு. புல் அடர்ந்துபோய், விழுகிற விதை மண்ணைத் தொடுவதே இல்லை. வெளியே, ஆடுகள் புல்லைக் கடித்து மண்ணை மிதித்த இடத்தில், விரல் நீளக் கன்றுகள். ஏழு வருடமும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த அத்தை அவற்றை இந்த மாதம்தான் கண்டாள்.

"அந்த இலை கசப்பு. என் ஆடு மோந்துகூடப் பாக்காது. அதை விரட்டக் கம்பைத் தூக்கிட்டு ஓடி வந்தியே, அக்கா" என்று ஆடு மேய்ப்பவர் சிரித்தார்.

"வேலி பயிரை மேயும்னு கேட்டிருக்கேன். பட்டினி போடும்னு இப்பதான் பாக்குறேன்" என்றாள் அத்தை.

அலுவலகத்துக்குப் போய், ஆட்டை உள்ளே விட்டால்தான் முளைக்கும் என்று சொன்னாள். அதிகாரி நிமிரவில்லை. ஓர் ஆடு உள்ளே வந்தாலும் வேலை போய்விடும் என்றார். மாமாவுக்கு வேலை இல்லை. வீட்டில் அடுப்பெரிவது அத்தையின் சம்பளத்தில். மூன்று நாள் வழக்கம்போல வேலியைச் சுற்றினாள்.

நான்காம் நாள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கை சிவக்கப் புல்லைப் பிடுங்கினாள். பிறகு செடிகளுக்கு நடுவே, குதிகாலை ஊன்றி ஊன்றி மண்ணை மிதிக்கத் தொடங்கினாள்.

என்ன அத்தை இது என்றேன்.

"ஆடு வரக்கூடாதுன்னுதான சொன்னாங்க. நான் வரக்கூடாதுன்னு சொல்லலையே."

பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி மிதித்தாள்.

வேலி போடச் சொல்லும் இடத்தில் இருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதைச் சொல்லுங்கள். ஒரு மந்தை செய்ய வேண்டிய வேலையை அத்தை ஒருத்தி செய்துகொண்டிருக்கிறாள்.