லிஃப்ட் கயிற்றுப் பணம்

அரசு ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் எனக்கு அடுத்த நாற்காலி கொக்கி அக்காவுடையது. எந்த ஃபைல் போனாலும் ஏதாவது ஆட்சேபணை எழுதி, ஒரு கொக்கி போட்டுத் திருப்புவார். அப்படி வந்த பெயர். ஒரு செலவுத் தலைப்பில் ஒதுக்கிய பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற நிதித்துறை ஆணை வேண்டும், ஆணை வருமுன் செலவழித்தால் பில்லைப் பாஸ் செய்தவர் தலையில்தான் விடியும் என்று வாய் ஓயாமல் சொல்வார். அவர்மேல் எனக்கு எரிச்சலும் உண்டு, மரியாதையும் உண்டு.

அவர் கணவர் அதே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர். மதியம் சாப்பிட வந்தால் ஒரே புலம்பல்.

"கயிறு முனகுது. எப்ப மாத்துவாங்களாம்?"

"பணம் வந்தாச்சுங்க. மார்ச்சுக்குள்ள மாத்திடுவாங்க."

மார்ச்சில் அமைச்சர் வருவதாகச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்குக் கை கால் ஓடவில்லை. முகப்புக்குப் பெயின்ட், வாசலுக்கு அலங்கார வளைவு. பராமரிப்புத் தலைப்பில் பணம் சும்மா கிடக்கிறது என்று எந்தப் புண்ணியவானோ அவர் காதில் ஓதிவிட்டான். சும்மா கிடந்தது லிஃப்ட் கயிற்றுக்கான பணம். முதலில் செலவு, பிறகு ஆணை என்பதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம். ஆணையும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

அந்தப் பில்லுக்கு அக்கா இரண்டு முறை கொக்கி போட்டார். அடுத்து கண்காணிப்பாளரே வந்து நின்றார்.

"ஏம்மா, நிதித்துறையில ஃபோன்லயே சரின்னுட்டாங்க. கயித்துக்கு ஏப்ரல்ல புதுசா பணம் வரும். பாஸ் பண்றீங்களா, இல்ல உங்க வீட்டுக்காரரை வேற ஊருக்குத் தூக்கிப் போடட்டுமா?"

அக்கா கையெழுத்துப் போட்டார். அமைச்சர் வரவேயில்லை. வளைவு மட்டும் வாசலில் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

மே மாதம் நிதித்துறையிலிருந்து பதில் வந்தது. மாற்றத்துக்கு அனுமதி இல்லை. தொகையைப் பில் பாஸ் செய்தவர் சம்பளத்தில் பிடிக்கவும். கண்காணிப்பாளர் அதற்குள் மாறுதலில் பறந்துவிட்டார்.

"பிடிக்கட்டும். அந்தப் பணத்துல கயிறு மாத்திடலாம்ல?" என்று அக்கா என்னைக் கேட்டார். விதியெல்லாம் தெரிந்தவர், தெரிந்தே கேட்டார்.

"அது கஜானாவுக்குப் போயிடும்க்கா. போன வருஷ ஒதுக்கீடு மார்ச்சோட முடிஞ்சுபோச்சு. இந்த வருஷமும் கயித்துக்கு எதுவும் இல்ல. போன வருஷமே குடுத்தாச்சுன்னு எழுதிட்டாங்க."

அன்று மதியம் கணவர் சாப்பிட வந்தார். அக்கா சோற்றைத் தொடவில்லை.

"இனிமே அதை ஓட்டாதீங்க."

"அப்ப ஸ்ட்ரெச்சரை நாலு மாடிக்கு நீ தூக்குவியா?" என்று சிரித்தார். "பயப்படாதே. காலையிலேர்ந்து முனகலே இல்ல. தானா சரியாயிடுச்சு போல."

டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனார். "முனகக்கூட இழை மிச்சமில்லையோ?" என்று அக்கா என்னைக் கேட்டார். பிறகு சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கணவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வராந்தாக் கோடியில் லிஃப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.