தொண்ணூத்தொண்ணு டீச்சர்

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், முன்னால் போகும் வண்டிகளின் எண்களை ஏழால் வகுத்துக்கொண்டே வருவார் டீச்சர். மீதி வராவிட்டால் உதட்டோரம் ஒரு சிரிப்பு. பக்கத்தில் இருப்பவர் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று முறைத்ததும் உண்டு.

எங்கள் எதிர்வீட்டுக்காரர். தனியார் பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் தொண்ணூத்தொண்ணு டீச்சர்.

ஆறு வருடங்களுக்கு முன், நாற்பது வயதில், அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதினார். பகா எண் எது என்று ஒரு கேள்வி. 97 என்று குறித்தார். தேர்வு வாரியத்தின் விடைப்பட்டியல் 91 என்றது. ஏழு பதின்மூன்று எவ்வளவு என்று தெரிந்த எந்தப் பிள்ளையும் சிரிக்கும் விடை. அந்த ஒரு மதிப்பெண்ணில் அவருக்கு வேலை கைநழுவியது. அவரைப் போலவே இன்னும் நாற்பது பேருக்கும். ஆட்சேபம் தெரிவித்தார். நிபுணர் குழுவின் முடிவே இறுதியானது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த நிபுணர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரோ. டீச்சர் நாற்பது பேரையும் தேடிப் பிடித்து, எல்லோர் பெயரிலும் வழக்குப் போட்டார்.

அதன் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. கோப்பு வரவில்லை, வக்கீல் வரவில்லை, அதிகாரி மாறிவிட்டார். நீதிமன்றத் தாழ்வார பெஞ்சில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பார். லிப்ட் மெக்கானிக்கான கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "எல்லாரும் வேலைக்காக கேஸ் போடுவாங்க. இவ கேஸையே வேலையா வச்சுக்கிட்டா."

நான்காவது வருடம் வாரியத்திலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். வழக்கை வாபஸ் வாங்கினால் அவருக்கு மட்டும் பணி நியமனம் தருவதாக ஒரு அதிகாரி தணிந்த குரலில் சொன்னாராம். மற்ற நாற்பது பேர் என்ன ஆவது என்று கேட்டதற்கு, அது உங்களுக்கு எதற்கு என்றாராம். டீச்சர் எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் கணவர் சாப்பிடவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை.

போன மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதி தாமே ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு, வாரியத்தின் வக்கீலிடம் அதை நீட்டினாராம். நாற்பத்தோரு பேருக்கும் மதிப்பெண் கொடுத்து நியமனத்துக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு.

நியமன உத்தரவு வாங்கும் நாளில் வாரிய அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். நாற்பது பேர் உறையோடு வெளியே வந்தார்கள். ஒரு பெண் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சர் முறை வந்தபோது எழுத்தர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பேர் இல்ல மேடம். வயசு வரம்பு நாற்பத்தஞ்சு. உங்களுக்குத் தாண்டிடுச்சு."

"பரீட்சை எழுதும்போது நாற்பதுதான் சார். நடுவுல போன ஆறு வருஷத்தை நானா தின்னேன்?"

"ரூல்ஸ் அப்படி மேடம். நான் என்ன பண்ண முடியும்?"

ஏழையும் பதின்மூன்றையும் பெருக்கத் தெரியாதவர்களுக்கு இவருடைய வயதை மட்டும் பிசகாமல் எண்ணத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்கப் போன என்னை டீச்சர் கையமர்த்தினார். குரல் உயரவில்லை.

"இப்ப சொன்னதை எழுத்துல குடுங்க சார்."

எழுத்தர் காது கேளாதவர்போல், வேறு வேலையாக வந்து நின்ற ஆளைக் கூப்பிட்டார். டீச்சர் நகரவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். மூடியைக் கழற்றி, பேனாவை எழுத்தரின் விரல்களுக்கிடையே செருகினார்.