லேமினேஷன் போட்ட இன்சூரன்ஸ்

என் கடை மேசையில், கண்ணாடிக்கு அடியில், லேமினேஷன் போட்ட இன்சூரன்ஸ் தாள் ஒன்று கிடக்கிறது. ஓரத்தில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்திருக்கிறது. சித்தப்பாவின் மொபெட்டுக்கான தாள். காலாவதியாகி வெகுகாலம் ஆயிற்று. லேமினேஷன் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

சித்தப்பா ஆத்தூரிலிருந்து மல்லிகை மூட்டையோடு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர். நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் எழுதுகிறவள். புது வண்டியோடு வந்த அந்தத் தாளை அவர் பட்டா, ரேஷன் கார்டு வரிசையில் சேர்த்துவிட்டார். "நல்லா தடியாப் போடு தாயி, ஆயுசுக்கும் கெடக்கட்டும்" என்றார். கெடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்று பிறகு சொன்னபோது சிரித்தார். "அதான் ஒண்ணு கெட்டியா இருக்குல்ல. என் வண்டி, என் உசுரு. வருசா வருசம் வாங்குன்னு எவன் என்னையச் சொல்றது?"

வேறு யாராவதாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. வேண்டாம் என்பவர் தலையில் ஒன்றைக் கட்டுகிறோமே என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு.

ஐப்பசி மழையில், சித்தையன்கோட்டை வளைவில் மொபெட் சறுக்கி, ஓரமாக நடந்துபோன பிரியாணி மாஸ்டர் பாய் ஒருவர் மேல் மோதியது. சித்தப்பாவுக்குச் சிராய்ப்புகூட இல்லை. பாய்க்கு வலது தோள் நொறுங்கிவிட்டது. அண்டாவில் கரண்டி போடுகிற கை அது. போலீஸ் கேட்டதும் சித்தப்பா நம்பிக்கையோடு நீட்டியது இந்தத் தாளைத்தான். கெடு முடிந்த தாளுக்குக் கம்பெனி பாய்க்கு ஒரு பைசா தராது.

சொந்தக்காரர்கள் என் கடையில் கூடினார்கள். இன்சூரன்ஸ் உள்ள வேறு வண்டி இடித்ததாகக் காட்டிவிடலாம், உனக்குத் தெரியாத ஆளா என்றார்கள். நான் வாய் திறக்குமுன் சித்தப்பா எழுந்துவிட்டார். "இடிச்சது என் வண்டி. தோட்டத்த வித்தாவது அந்த மனுசனப் பாப்பேன்."

பாதித் தோட்டத்தை விற்றார். ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் பாய் திரும்ப அண்டா பக்கம் போகவில்லை. ஒரு கடையில் டோக்கன் கிழிக்கிறார்.

கிரயம் முடித்த கையோடு வந்து சித்தப்பா இந்தத் தாளை என் முன்னால் வைத்தார். "ஊரையே மெரட்டி எழுதுறியே தாயி. என்னைய மட்டும் ஏன் விட்ட?" குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றோடு என் உறுத்தல் போயிற்று. வேண்டாம் என்று சொல்ல வண்டிக்காரர் என் கடைக்கு வருகிறார். ஓரமாக நடந்து போகிறவரை யார் கேட்டார்கள்? அவருக்காக நான் கட்டாயப்படுத்துவேன்.

நேற்று என் சொந்தத் தம்பி வந்து, "அடுத்த மாசம் போட்டுக்கலாம்க்கா, நம்ம வண்டிதான" என்றான். அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, கண்ணாடி மேல், சித்தப்பாவின் தாளுக்கு நேராக வைத்தேன். எழுதி முடிக்கும்வரை கொடுக்கவில்லை.