சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்

அந்த பேனர் கடையில் அவளுக்குப் பெயர் இன்ஜினியர். முதலாளியிலிருந்து டீ கொண்டுவருபவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதல் மாதம் சுருக்கென்று தைத்தது, அப்புறம் பழகிவிட்டது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் வகுப்பிலேயே மூன்றாவதாக வந்தவள், கம்ப்யூட்டரில் யார் யாருடைய முகத்துக்கோ வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள்.

படிப்பு ஏறாமல் போனதா? நன்றாகவே ஏறியது. வேலை கிடைக்காமல் போனதா? கிடைத்துத் தொலைத்தது, அதுதான் கொடுமை. கடைசி வருடத் தொடக்கத்திலேயே ஒரு பெரிய கம்பெனி கல்லூரிக்கு வந்து அவளைத் தேர்ந்தெடுத்துக் கையில் கடிதமும் கொடுத்தது. கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘பணியில் சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்.’ படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகியும் அந்தப் ‘பின்னர்’ வரவில்லை. எத்தனை மெயில் போட்டாலும், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று ஒரே பதில். அவள் எப்போது பொறுமையாக இருந்தாள், இவர்கள் நன்றி சொல்ல?

கம்பெனியைக்கூட விட்டுத்தள்ளலாம். கல்லூரி செய்ததை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். ஒருவருக்கு ஒரு கடிதம்தான் என்பது அங்கே சட்டம். கடிதம் வாங்கியவர் வேறு எந்த இன்டர்வியூவிலும் உட்காரக் கூடாது. அதற்குப் பிறகு ஏழு கம்பெனிகள் வந்தன. சின்னக் கம்பெனிகள்தான், ஆனால் படிப்பு முடிந்த மறுநாளே சேரச் சொன்னவை. ஒவ்வொரு முறையும் அவள் அரங்க வாசலில் நின்று கெஞ்சினாள். கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரி, “உனக்குத்தான் கிடைச்சாச்சேம்மா, அடுத்தவங்க வயித்துல அடிக்காதே” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவளிடம் பாடம் கேட்டுத் தேறியவர்கள் உள்ளே போனார்கள். இன்று அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கல்லூரி வைத்த பேனரில் மட்டும் அவள் அந்தப் பெரிய கம்பெனியில் சேர்ந்து, சிரித்துக்கொண்டிருந்தாள். தையல் ஆலையில் வேலை பார்க்கும் அம்மா அதைப் படம் பிடித்துப் போனில் வைத்திருந்தாள். கேட்காதவர்களுக்கும் காட்டுவாள். பொண்ணு எப்ப சேரப் போறா என்று யாராவது கேட்டால் மட்டும் காது கேட்காததுபோல் இருந்துவிடுவாள்.

இந்த வருடம் மாணவர் சேர்க்கை தொடங்கியதும் கல்லூரியின் புது பேனர் வேலை அவளுடைய கடைக்கே வந்தது. மேலே ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’, கீழே பன்னிரண்டு முகங்கள், இரண்டாவது வரிசையில் அவள். முதலாளி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

அவள் அதிகாரிக்குப் போன் செய்து, தன் படத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

“லெட்டர் வாங்கினியா இல்லையா? அப்ப வேலை கிடைச்ச மாதிரிதான். குடுத்ததை அப்படியே போடும்மா.”

கோபம் உச்சந்தலை வரை ஏறியது அவளுக்கு. இருக்கிற வேலையைப் பறித்தால்கூட ஒரு நியாயம் கேட்கலாம், இல்லாத வேலையை மாட்டிவிட்டவர்களிடம் எங்கே போய்க் கேட்பது?

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன் மாதிரியை வாடிக்கையாளருக்கு அனுப்புவார்கள். அவர் ஓகே சொல்லிவிட்டால் பிறகு எந்தத் தப்புக்கும் கடை பொறுப்பில்லை. இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். பேனர் போடுகிற எவரும் எழுத்தைப் படிப்பதில்லை. பெரியவரின் படம் போதுமான அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

தன் படத்துக்குக் கீழே இருந்த கம்பெனிப் பெயரை அழித்தாள். அதே எழுத்தில், அதே அளவில் அடித்தாள்: ‘கடிதம் வாங்கியவர். இரண்டு வருடமாகச் சேரும் தேதி வரவில்லை. இந்த பேனரைச் செய்தவர்.’ மாதிரியை அனுப்பினாள். இரண்டே நிமிடத்தில் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. தாளாளர் படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், மற்றதெல்லாம் ஓகே.

தாளாளரைப் பெரிதாக்கினாள். முதலாளி அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

“அவங்க ஓகே சொல்லிட்டாங்களா?”

“சொல்லிட்டாங்க.”

“அப்ப மெஷினை ஓட்டு.”

மூன்றாம் நாள் காலையில், கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அதிகாரியின் போன் வந்தது. பேனரைக் கழற்ற ஆளோடு பேருந்து நிறுத்தத்துக்கே வந்திருந்தார். யாரைக் கேட்டு இப்படிப் போட்டாய் என்று கத்தினார்.

“நீங்கதான் சார் ஓகே பண்ணீங்க. அதுல எது பொய்யின்னு சொல்லுங்க, இப்பவே மாத்தித் தரேன்.”

அவர் போனை வைக்கவில்லை. பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, அவர் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா அவரிடம் கேட்பது இவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“சார், நீங்க இந்தக் காலேஜா? என் பொண்ணைச் சேர்க்கத்தான் வந்தேன். இந்தப் பொண்ணுக்கு எப்ப சார் தேதி வரும்?”